தோட்டம் என்ற பத்தி இல்லாத அட்டவணை

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில் எந்தப் புற்றுநோயின் பக்கத்தைப் புரட்டினாலும் அதே பத்திகள்தான்: பால், வயது, மாநிலம், பிறகு மலாய்க்காரர், சீனர், இந்தியர். கருப்பைவாய்ப் புற்றுநோயின் பக்கத்தில், 2000களின் தொடக்க ஆண்டுகளில் சீனப் பெண்கள் முதலிடத்திலும் இந்தியப் பெண்கள் அடுத்த இடத்திலும் இருந்தார்கள். மலாய்ப் பெண்களின் விகிதம் இவர்களுடையதில் பாதியைக்கூட எட்டவில்லை. 2007ஆம் ஆண்டுக் கணக்கு வந்தபோது இந்தியப் பெண்கள் முதலிடத்துக்கு ஏறியிருந்தார்கள். எண்களை இப்படி இனவாரியாக அடுக்கிவைத்தால், படிப்பவர் காரணத்தையும் இனத்திலேயே தேடுவது இயல்புதான். நம்மவர் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, மரபணுவில் ஏதோ ஓர் அடையாளம் இருக்கிறது என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. மரபணு ஆராய்ச்சி வளர வளர அந்தப் பேச்சுக்கு அறிவியல் வாசனையும் ஏறிக்கொண்டது. அட்டவணையில் இல்லாத ஒரு பத்தி இந்த விஷயத்தில் இனத்தைவிட அதிகம் சொல்லும் என்பது என் கட்சி. தோட்டம் என்பதுதான் அந்தப் பத்தி. கேமரன் மலையின் வடபாதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே கிடக்கும் கோலா தெர்லாவையும் அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளையும் வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தாப்பாவிலிருந்து மலைச்சாலை வேலை தொடங்கிய பிறகுதான் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலையின் தொடக்கம். வடக்கே கம்போங் ராஜாவைத் தாண்டி புளூ வேலி. காடு வெட்டவும் நாற்று நடவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியிலேயே, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாக வந்த குடும்பங்கள் இங்கேயும் ஏறின. 1938இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின் தோட்டத்துக்கு வேண்டிய அடுத்த தலைமுறை ஆட்கள் லயங்களிலேயே, அதாவது தோட்டத்து வரிசைவீடுகளிலேயே, பிறந்தாக வேண்டும் என்ற நிலை. கோலா தெர்லா தேயிலையைவிடக் காய்கறிக்குப் பேர்பெற்ற இடம். தெர்லா ஆற்றோரம் அடுக்கடுக்காய் வெட்டிய தோட்டங்கள், ஒரு சிறிய நீர்மின் நிலையம், நீர்ச்சுத்திகரிப்பு ஆலை, தேயிலையை விட்டுக் காய்கறிக்கு மாறிய தமிழர்கள். 2019இல் சுங்கை தெர்லா நீர்ப்பிடிப்பு நிலத்திலிருந்து இந்திய விவசாயிகள் வெளியேற்றப்பட்டபோது இந்தப் பெயர் நாளேடுகளில் சில வாரம் அடிபட்டது. மற்றபடி கோலா தெர்லாவை வெளியுலகம் விசாரித்ததில்லை.

தோட்ட வைத்தியம் யாருக்காக ஏற்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மலாயாவின் தோட்ட மருத்துவம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகிய மூன்றையும் எதிர்த்துத்தான் வளர்ந்தது. இந்த மூன்றும் வேலையாளைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வரவிடாமல் படுக்கவைப்பவை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக்கோவை பேறுகாலப் படியையும் பிள்ளைக் கொட்டகையையும் கட்டாயமாக்கியபோது பெண்ணின் உடல் முதல் தடவையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டது. பட்டதும் பிரசவம் என்ற ஒரே வழியில்தான். தோட்டத்து டிரெஸ்ஸர் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுவார், பேறுகாலத்துக்கு மருத்துவச்சியைக் கூப்பிடுவார். கருப்பைவாய்ப் புற்றுநோயோ, பிள்ளை பெறும் வயதெல்லாம் கடந்து, நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் தலைகாட்டும் நோய். தொற்று ஏற்பட்டதிலிருந்து கட்டி ஆகும்வரை பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிவிடும். அந்தக் காலம் முழுக்க வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, ஒருநாள் கூலிகூட இதனால் நிற்காது. மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் கண்டால் அதை வெளியே சொல்லக் கூச்சம். சொன்னாலும் கேட்பவர் ஆண் டிரெஸ்ஸர். தோட்டத்து மருத்துவ ஏற்பாட்டுக்குப் பெண் தேவைப்பட்ட வயது முடிந்த இடத்தில்தான் இந்த நோயின் வயது தொடங்குகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை என்று நான் சொல்லவில்லை. உழைப்பைக் கணக்கிடும் ஏற்பாடு எதுவும் உழைப்பு முடிந்தவரைக் கணக்கில் எடுக்காது.

நோயின் காரணத்தைத் தேடிய கதையிலும் கூலிக்குப் போன இந்தியப் பெண்கள் உண்டு. 1842இல் இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, இந்தப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம் அரிது, மணமான பெண்களிடம் மிகுதி என்று எழுதினார். 1936இல் சாம்ப்சன் ஹேண்ட்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஃபிஜித் தீவைப் பார்த்தார். ஒரே தீவு, ஒரே மருத்துவமனைகள். ஃபிஜிப் பெண்களிடம் நோய் குறைவு, கரும்புத் தோட்டத்துக்கு வந்து குடியேறிய இந்துப் பெண்களிடம் அதிகம். இதை வைத்து அவர் இனத்தைக் குறைசொல்லவில்லை. ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்யும் வழக்கம் ஒரு சமூகத்தில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டினார். அந்த ஊகம் பாதி சரி. முழு விடை வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஹரால்ட் சூர் ஹாவுசனின் குழு ஹெச்.பி.வி. வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் கட்டிகளில் கண்டுபிடித்தது; 2008இல் அவருக்கு நோபல் பரிசு. ஏறத்தாழ எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுக் கட்டிகளிலும் இந்த வைரஸ் குடும்பம் இருப்பது பின்னர் உறுதியானது. சென்னை நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் அதேதான். ஆகவே இந்த நோயில் முதலில் தேட வேண்டிய மரபணு அடையாளம் பெண்ணுடையதே அல்ல, வைரஸுடையது.

அப்படியானால் பெண்ணின் மரபணுவுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் அது தானே மறைந்துவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. ஏன் சிலரிடம் மட்டும்? 1998இல் ஒரு விடை பெரிய பரபரப்போடு வந்தது. வைரஸின் ஈ6 என்ற புரதம், உயிரணு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பி53 புரதத்தை அழிக்கிறது. பி53இன் 72ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இரு பிரதிகளிலும் இருந்தால் அழிப்பது எளிது, அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து ஏழு மடங்கு என்றது அந்தக் கட்டுரை. உலகம் முழுக்க, தென்னிந்தியா உட்பட, ரத்த மாதிரிகளை எடுத்து ஆய்வகங்கள் இதைச் சோதித்தன. ஒருவர் ஆம் என்றார், ஒருவர் இல்லை என்றார். 2009இல் 49 ஆய்வுகளின் தரவுகளை ஆள்வாரியாகத் திரட்டிப் பார்த்தபோது, முறை பிசகாத ஆய்வுகளில் அந்தத் தொடர்பு காணாமல் போயிருந்தது. ஆறாம் குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ. மரபணுக்களின் கதை வேறு. அது நிலைத்து நிற்கிறது. அயல்பொருளை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பவை அவை. அவற்றில் சில வகைகள் ஓரளவு காக்கின்றன, சில ஓரளவு ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் அந்த வகைகள் எல்லா இனத்துக்குள்ளும் கலந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. பதிவேட்டின் இனப் பத்திகளுக்கு இடையே தெரியும் இரண்டு மடங்கு வித்தியாசத்தை அவற்றின் தலையில் கட்ட முடியாது.

ஸ்வீடன் குடும்ப ஆய்வுகள் இதைவிடக் கனமான மறுப்பு. சொந்தத் தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இந்த நோய் இருந்தால் ஒரு பெண்ணின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, வளர்ப்புத் தாய்க்கு இருந்தால் அப்படி ஏறவில்லை என்று 1999இல் அங்கே கண்டார்கள். வேறுபாட்டில் சுமார் 27 விழுக்காட்டுக்குப் பரம்பரையே காரணம் என்று ஒரு கணக்கும் வந்தது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அது எந்த நாட்டின் கணக்கு? 1960களின் நடுவிலிருந்து பெண்களை வரிசையாக அழைத்துப் பேப் ஸ்மியர் என்ற கருப்பைவாய் அணுச் சோதனையைச் செய்துவந்த நாட்டின் கணக்கு. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் வித்தியாசத்துக்கு விதைதான் காரணமாகத் தெரியும். பாதிப் பாத்திக்கு மடையே திறக்கவில்லை என்றால் விதையைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. பரம்பரையின் பங்கு என்பது உடலில் பதிந்த நிலையான எண் அல்ல, வாழ்நிலைகள் எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவது. ஸ்வீடனின் 27 விழுக்காட்டைக் கேமரன் மலைக்கு அப்படியே தூக்கிவர வழியில்லை.

தமிழ்ப் பெண்களின் ரத்தம்தான் காரணம் என்றால் அதைச் சோதிக்க நல்ல இடம் சென்னை. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மேற்பார்வையில் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. அது தொடங்கிய ஆண்டுகளில் லட்சம் பெண்களுக்கு நாற்பதை ஒட்டி இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் விகிதம், 2000களின் நடுவில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அதே வேளையில் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. இருபத்தைந்து ஆண்டில் ஒரு நகரத்துப் பெண்களின் மரபணு மாறாது. பெரிய அளவில் பரிசோதனை நடந்ததாலும் இது குறையவில்லை; அங்கே அப்படி ஒரு திட்டம் வேர்விடவே இல்லை. மாறியது திருமண வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, படிப்பு, கழிப்பறையும் தண்ணீரும். ஏழோ அதற்கு மேலோ பிள்ளை பெற்ற, வைரஸ் தொற்றுள்ள பெண்ணுக்கு, பிள்ளையே பெறாதவரைவிட ஆபத்து நான்கு மடங்கை ஒட்டி இருக்கும் என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. லயத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பேறுகளை எண்ணிப் பார்த்தால், பதிவேட்டின் எண்ணை விளக்க ரத்தத்திடம் போக வேண்டியதில்லை.

சென்னை நகரம், தோட்டத்துக்கு அது பொருந்தாது என்பவர்களுக்குத் திண்டுக்கல் இருக்கிறது. 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக, மலாயாவுக்கு ஆள் அனுப்பிய சீமையாக இருந்த மண் அது. அங்கே கிராமப் பெண்களிடம் செய்த ஹெச்.பி.வி. கணக்கெடுப்பு 2005இல் வெளியானது. 16.9 விழுக்காட்டினரிடம் வைரஸ் இருந்தது. பணக்கார நாடுகளில் வயது ஏற ஏறத் தொற்று குறைவதுபோல் இங்கே குறையவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது. அதே மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000 முதல் ஒரு சோதனை நடத்தின. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர், தடவி ஒரு நிமிடம் பொறுப்பார். கெட்ட திசு இருந்தால் அந்த இடம் வெளிறி வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் பெரும்பாலும் அந்த வருகையிலேயே உறையவைத்து அழித்துவிடுவார். மின்சாரம்கூட அவசியமில்லை. 30 முதல் 59 வயதுவரை 49,311 பெண்கள் உள்ள ஊர்களுக்கு இந்தச் சோதனையைக் கொண்டுபோனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களே வந்தார்கள். இருந்தும், சோதனை போகாத ஊர்களோடு ஒப்பிட்டபோது நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த சோதனையில் இதே வினிகர் முறையால் சாவு குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. மரபணுச் சோதனைதான் சாவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கியது. எந்த முறை சிறந்தது என்பதில் சண்டை இருக்கலாம். யாராவது ஒருவர் ஒரு முறையாவது வந்து பார்த்தார் என்பதே பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்பதில் சண்டை இல்லை.

மலேசியாவின் மூன்று இன வரிசைக்குத் திரும்புவோம். மரபணுதான் விளக்கம் என்றால், சீனரும் இந்தியரும் மேலே, மலாய்க்காரர் கீழே என்ற வரிசைக்கு, உறவே இல்லாத இரண்டு மக்களிடம் பொதுவான ஒரு கெட்ட மரபணுவைக் கற்பிக்க வேண்டியிருக்கும். வழக்கம்தான் விளக்கம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மலாய் ஆண்கள் எல்லோரும் விருத்தசேதனம் செய்தவர்கள். அப்படிப்பட்ட ஆண்களிடம் ஹெச்.பி.வி. குறைவு என்று 2002இல் ஐந்து நாட்டுத் தரவுகளிலிருந்து வெளியான ஆய்வு ஹேண்ட்லியின் பழைய ஊகத்துக்குப் பாதி நியாயம் செய்தது. சீனர் எண் விறுவிறுவென இறங்கியதற்கும் இந்தியர் எண் அந்த வேகத்தில் இறங்காததற்கும் நகரம், வருமானம், கிளினிக் ஆகிய மூன்றும் மரபணுவைவிட அருகில் நிற்கும் சாட்சிகள். சில ஆண்டுகளில் முதலிடம் கைமாறுவது பரம்பரை செய்யும் காரியமல்ல.

அந்தக் கிளினிக் மலையில் எப்படி வந்தது? 1969இல் மலேசியா பேப் ஸ்மியரைத் தொடங்கியது. அப்போது அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வரும் பெண்களுக்கும் பேறு முடிந்த தாய்மார்களுக்கும் செய்யும் கூடுதல் வேலையாக இருந்தது. 1995இல்தான் 20 முதல் 65 வயதுவரை எல்லாப் பெண்களுக்கும் என்று விரித்தார்கள். இடைப்பட்ட கால் நூற்றாண்டில், கருத்தடை செய்துகொண்டவர், கணவனை இழந்தவர், மாதவிடாய் நின்றவர் ஆகியோருக்கு அந்தக் கதவுக்குள் நுழையக் காரணமே இருக்கவில்லை. நோய் வருவதோ அவர்களுக்குத்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் பார்வையை அரசாங்கக் கிளினிக்கும் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1996இல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் ஒரு முறையாவது பேப் ஸ்மியர் செய்துகொண்ட பெண்கள் 26 விழுக்காடு, 2006இல் 43.7. நகரங்களையும் சேர்த்த சராசரி இது. கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்வர அரை நாள் கூலி போகும். கொழுந்து நிறுத்துக் கூலி வாங்குபவருக்கு அது நேரடி நட்டம். வீடோ வேலையோடு கட்டிப்போட்டது. மேல்சிகிச்சைக்கு ஈப்போ போக, பல்லாண்டுகள் தெற்கே இறங்கித் தாப்பா வளைவுகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு நேர்ச்சாலை வந்ததே 2000களின் தொடக்கத்தில். அந்தச் சாலையும் முதலில் கொண்டுபோனது முட்டைக்கோசைத்தான்.

இனி, நோய் உடலுக்குள் பரவுவதைக் காட்டும் அடையாளங்கள். இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. வைரஸின் மரபணு பெண்ணின் குரோமோசோமுக்குள் எங்கே போய்ச் செருகிக்கொண்டது, மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கை பெருகியிருக்கிறதா, எந்த மரபணுக்கள் மெத்தில் பூசி அணைக்கப்பட்டிருக்கின்றன என்றெல்லாம் பார்த்து, கட்டி இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்குத் தாவுமா என்று முன்கூட்டிச் சொல்ல முயல்கிறார்கள். இது பலித்தால் தேவையற்ற அறுவை பலருக்கு மிச்சமாகும்; அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் இந்த நோயின் நிலைகளை முதலில் வகுத்த வரலாறு கவனிக்கத்தக்கது. 1929இல், போ தோட்டம் தொடங்கிய அதே ஆண்டில், சர்வதேசச் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஒரு குழு அதைச் செய்தது. அதன் பிறகு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மருத்துவரின் விரலும் கண்ணுமே நிலையைத் தீர்மானித்தன. நிணநீர்க் கணுக்களின் நிலை 2018 திருத்தத்தில்தான் முறைப்படி கணக்கில் சேர்ந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஸ்கேன் கருவி இல்லாத இடங்களில் இருந்தார்கள் என்பதே இவ்வளவு தாமதத்துக்குக் காரணம். கட்டி இடுப்பெலும்புச் சுவரை எட்டிய பிறகு மலையிறங்கி வரும் பெண்ணிடம், அது பரவும் என்று மரபணு சொல்ல வேண்டியதில்லை. பரவலைக் கணிக்கும் அடையாளம் பயன்பட வேண்டுமானால் அவர் சீக்கிரம் வந்திருக்க வேண்டும்.

2010 முதல் மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது கிடைக்கிறது. அந்த முதல் அணி 1997இல் பிறந்தது. அவர்களின் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஊசி எட்டவில்லை. அவர்களுக்காகத்தான் 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வூ யின் லிங்கும் ஆஸ்திரேலியாவின் வி.சி.எஸ். அறக்கட்டளையும் சேர்ந்து ரோஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெண் தானே ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார், ஆய்வகம் வைரஸின் மரபணுவைத் தேடுகிறது, முடிவு கைப்பேசிக்கு வருகிறது. கூச்சத்துக்கும் ஆண் மருத்துவருக்கும் இதில் இடமில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே குச்சியைக் கொடுத்து வாங்கலாம். ஆனால் குச்சி மட்டும் யாரையும் காப்பாற்றாது. உஸ்மானாபாத்தில் சாவு பாதியானது, வைரஸ் இருப்பதாக வந்த பெண்களைத் தேடிப்பிடித்துப் பார்சி புற்றுநோய் மருத்துவமனை வரை கொண்டுபோய்ச் சிகிச்சை முடித்ததால். கேமரன் மலையில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் தமிழர் அல்லர். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள். அவர்களில் ஒரு பெண்ணின் கைப்பேசிக்கு அந்த முடிவு வந்தால், அடுத்த சோதனை எந்த மருத்துவமனையில், யார் செலவில், எத்தனை நாள் கூலியை இழந்து, சீட்டின் தவணை முடிவதற்கு முன்னா பின்னா என்பவற்றுக்கு யாராவது முதலிலேயே பதில் எழுதிவைத்திருக்க வேண்டும்.